ஜார்ஜியா, ஆர்மீனியாக்காரர்களும் இந்தியர்களும் முகச்சாயலில் ஒத்துப்போவது ஏன்? இரு தரப்புக்கும் மூதாதையர் ஒன்றா?

உறவு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கிட்டத்து உறவு இல்லை. நீங்கள் நினைக்கிற ஆட்களுக்கு மட்டுமான உறவும் இல்லை.

கேள்வி கேட்டவர் பெயர் போடவில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வி இரண்டு வகை ஆட்களிடமிருந்துதான் வரும். ஆர்மீனியப் பெண்ணின் படத்தையும் காஷ்மீரிப் பெண்ணின் படத்தையும் அருகருகே ஒட்டிய ரீல்ஸ் பார்த்தவர்கள் ஒரு வகை. குப்பியில் எச்சில் துப்பி அனுப்பும் டிஎன்ஏ சோதனைக்குப் பணம் கட்டி, முடிவில் 'காகசஸ்' (ஜார்ஜியாவும் ஆர்மீனியாவும் இருக்கிற மலைப்பகுதி) என்று வந்ததும் தலைகால் புரியாமல் போனவர்கள் இன்னொரு வகை. உங்களை இரண்டாவது வகை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி ஒருவனோடு ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதிலே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மரபணு ஆராய்ச்சியாளன் இல்லை. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் எம்பிபிஎஸ் படித்தவன். (அங்கே கொடுக்கும் பட்டத்துக்கு எம்டி என்று பெயர், தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் வர வேண்டாம்.) ஆரியர் வந்தார்களா இல்லையா என்ற சண்டைக்கும் நான் ஆள் இல்லை. இந்தப் பதிலுக்கு இரண்டு கட்சியும் திட்டும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என் அறைத்தோழன் லூதியானா பக்கத்துப் பையன். சிவந்த நிறம், எடுப்பான மூக்கு, கிட்டத்தட்ட ஒன்றாகச் சேர்ந்த அடர்த்தியான புருவம், ஒழுங்காகக் கத்தரித்த தாடி. திபிலீசியில் மார்ஷ்ருட்கா என்று ஒரு மினிபஸ் ஓடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் சில்லறையை இவன் கையில் கொடுத்து டிரைவரிடம் கொடுக்கச் சொல்லி ஜார்ஜிய மொழியில் ஏதோ பேசுவார்கள். இவனும் பழகிய மாதிரி தலையாட்டி வாங்கிக் கொடுப்பான். என்னைப் பார்த்தால் அதே பாட்டிகள் "இந்தோயேலி?" என்று கேட்பார்கள், இந்தியனா என்று. ஆமாம் என்றதும் "ராஜ் கபூர்!" என்று முகமெல்லாம் சிரிப்பார்கள். சோவியத் காலத்தில் இந்திப் படம் பார்த்து வளர்ந்த தலைமுறை. டெசெர்ட்டர் பஜாரில் கொத்தமல்லி விற்கும் ஒரு அம்மா ராஜ் கபூருக்காகவே எனக்கு ஒரு கட்டு சேர்த்துக் கொடுப்பார். அதனால் பாட்டிகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் அறைத்தோழன் மேல்தான்.

அமெரிக்காவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா பையன் ஒரு டிஎன்ஏ சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தான். முடிவு வந்ததும் அந்தத் தரவை இணையத்தில் யாரோ ஆர்வலர்கள் செய்து வைத்திருக்கும் கணக்குக் கருவிகளில் ஏற்றிப் பார்த்தான். அதில் 'காகசஸ்' என்ற பட்டை நீளமாக வந்துவிட்டது. அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினான். ஒருநாள் ராத்திரி நாங்கள் நாலைந்து பேர், தமிழும் தெலுங்குமாக, ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்: "நாங்க இவங்களுக்குப் பங்காளி. நீங்க எல்லாம் வேற."

அந்த 'நீங்க எல்லாம்' என்னைச் சுட்டுவிட்டது. ஃபார்மகாலஜி படிக்க வேண்டிய ராத்திரிகளில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். அவன் வாயை அடைக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

படித்ததைச் சொல்கிறேன். மேற்கு ஜார்ஜியாவில், குத்தாய்சி என்ற நகரத்திலிருந்து அதிக தூரமில்லாத இடங்களில், இரண்டு குகைகள் இருக்கின்றன. ஒன்று சட்சுர்ப்லியா, இன்னொன்று சியாத்தூரா பக்கம் இருக்கும் கோட்டியாஸ் கிள்டே. அங்கே கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகளின் மரபணுவைப் படித்து 2015-ல் வெளியிட்டார்கள். முதலாமவர் ஏறக்குறைய 13,300 ஆண்டுகளுக்கு முந்தையவர், இரண்டாமவர் 9,700. இடையில் மூவாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இருவரும் ஒரே வம்சம்தான். இவர்களைத்தான் 'காகசஸ் வேட்டையர்' என்கிறார்கள். இன்றைய ஜார்ஜியர்களிடம் இந்த வம்சம் நிறைய இருக்கிறது.

இவர்களுக்குத் தெற்கே, மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலையில், கஞ்ச் தாரே என்ற இடத்தில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடு வளர்த்த ஒரு கூட்டம் இருந்தது. இவர்கள் காகசஸ் வேட்டையருக்குப் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் மாதிரி. இதே குடும்பத்தின் இன்னொரு பிரிவு கிழக்கே, நம் பக்கம் இருந்தது. ஹரியானாவில் ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்து, கடைசியில் ஒரே ஒரு பெண்ணின் மரபணுவை மட்டும் படிக்க முடிந்தது. சிந்துவெளிக் காலத்துப் பெண். அந்த முடிவு 2019-ல் வந்தது. அவருடைய மூதாதையரில் பெரும்பங்கு இந்தக் கிழக்குப் பிரிவு. மீதி, தெற்காசியாவின் ஆதி வேட்டையர்; அந்தமான் தீவுப் பழங்குடிகளுக்குத் தூரத்து உறவினர். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கிழக்குப் பிரிவு ஈரான் மேய்ப்பர்களிடமிருந்து பிரிந்தது 12,000 ஆண்டுகளுக்கும் முன்னால், அதாவது விவசாயம் தொடங்குவதற்கே முன்னால். அப்படியென்றால் காகசஸ் பிரிவு நமக்கு இன்னும் தூரம்.

சிந்துவெளி சரிந்த பிறகு அந்த மக்கள் தெற்கத்தி மக்களோடும் கலந்தார்கள். அதனால் அந்தக் கிழக்குப் பிரிவின் பங்கு என்னிடமும் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடிகளிடமும் இருக்கிறது. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னது இதுதான்: பங்காளி என்றால் நாங்களும் பங்காளிதான், வேண்டுமானால் பங்கு கொஞ்சம் குறைவாக இருக்கலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அவன் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. காகசஸுக்கு வடக்கே புல்வெளியில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் யாம்னயா என்ற மேய்ப்பர்கள் இருந்தார்கள். அவர்கள் மூதாதையரில் ஏறக்குறையப் பாதி காகசஸ் வேட்டையர் வகை. அந்தப் புல்வெளி வம்சம் பல கலப்புகளைத் தாண்டி, கிமு 2000-க்குப் பிறகு தெற்காசியாவுக்குள் வந்தது. வடமேற்கில் அதன் அளவு அதிகம். ஆக அவனுக்கு இந்தப் பழைய உறவு இரண்டு வழியில் வந்தது, எனக்குப் பெரும்பாலும் ஒரு வழியில். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. வாதத்தில் எதிரிக்கு எடுத்துக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சரி, முகம். நீங்கள் கேட்டது அதைத்தானே. நிறத்தில் பங்கு வகிக்கும் எஸ்எல்சி24ஏ5 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு தோலை வெளுக்க வைக்கும். மேலே சொன்ன இரண்டு குகை மனிதர்களிடமும் அது இருந்தது. ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் இருப்பது அதே மாறுபாடுதான், ஒரே மூலத்திலிருந்து வந்தது. தென்னிந்தியாவிலும் கணிசமாக இருக்கிறது, கறுப்பாக இருப்பவர்களிடமும் இருக்கிறது, ஏனென்றால் நிறத்தை ஒரே மரபணு தீர்மானிப்பதில்லை. மூக்கு, புருவம், தாடை எல்லாம் எத்தனையோ சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் சேர்ந்து செய்கிற வேலை. முகத்தைப் பார்த்து வம்சத்தின் சதவீதம் சொல்ல முடியாது. இன்றைய ஜார்ஜியரிடம் துருக்கிப் பக்கத்து ஆதி விவசாயிகளின் பங்கு நிறைய இருக்கிறது, அது நம்மிடம் மிகக் குறைவு. நம்மிடம் இருக்கும் ஆதி வேட்டையர் பங்கு அவர்களிடம் இல்லை. அப்புறம் அந்த ரீல்ஸ் செய்கிறவர்கள் ஆள் பொறுக்குகிற விதத்தையும் பாருங்கள். இந்தியா என்றதும் காஷ்மீரி, ஜார்ஜியா என்றதும் கருங்கூந்தல். ஜார்ஜியாவின் ஸ்வானேத்தி மலைக்காரர் ஒருவர் படத்தையும் விருதுநகர்க்காரனான என் படத்தையும் யாரும் பக்கத்தில் வைப்பதில்லை.

இந்தச் சாயல் எதுவரைக்கும் உதவும் என்பதையும் பார்த்தேன். சபுர்த்தாலோ பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனோம். கதவைத் திறந்த அம்மா அறைத்தோழனைப் பார்த்ததும் ஜார்ஜிய மொழியில் மளமளவென்று பேசினார். இவன் சிரித்துத் தலையாட்டினான். அறை, சமையலறை, பால்கனி எல்லாம் சுற்றிக் காட்டினார், காபி கொடுத்தார். பின்னால் நின்ற என்னை அவனுடைய விருந்தாளி என்று நினைத்தார் போல. ஒப்பந்தம் எழுத பாஸ்போர்ட் கேட்டார். நீல அட்டையைப் பார்த்ததும், தன் தங்கை மகன் அடுத்த வாரம் வருவதாகவும் வீடு அவனுக்கு வேண்டும் என்றும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எல்லா ஜார்ஜியரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அதற்கு அடுத்த தெருவில் எங்களுக்கு வீடு கொடுத்ததும் ஒரு ஜார்ஜிய அம்மாதான். புத்தாண்டுக்கு சுர்ச்கேலா (கொட்டைகளை நூலில் கோத்துத் திராட்சைச் சாற்றுக் கூழில் தோய்த்த இனிப்பு) கட்டிக் கொண்டுவந்து தருவார்.

வீடு திரும்பும்போது அவனிடம் பகத் சிங் திண்ட் கதையைச் சொன்னேன். 1795-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பேராசிரியர் புளூமன்பாக், ஜார்ஜியப் பெண் ஒருவரின் மண்டையோட்டை மெச்சி, ஜார்ஜியர்தான் உலகிலேயே அழகானவர்கள் என்று சொல்லி, வெள்ளையர் முழுவதற்கும் 'காகசியன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை நம்பித்தான், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபியான திண்ட், நானும் காகசியன், எனக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று வழக்காடினார். 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிஞர்கள் என்ன வகைப்படுத்தினாலும் சாதாரண மனிதர் உங்களை வெள்ளையராக நினைக்க மாட்டார் என்று சொல்லி மறுத்துவிட்டது. அறைத்தோழன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஃபிரிட்ஜில் இருந்த தாள் மட்டும் அப்படியே இருந்தது.

நிறம் என்று பேச்சு வந்துவிட்டதால் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்து ஊருக்கு வந்தேன். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தேர்வில் 300-க்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி. அதை எழுதித் தேறியும், பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் என்னைக் 'காசு கொடுத்து வாங்கின டாக்டர்' என்றுதான் சொன்னார்கள், அதுவும் நன்கொடை கொடுத்து உள்ளூரில் சேர்ந்தவர்கள்! பெண் பார்க்கப் போன இடத்தில் இன்னும் அழகு. பெண்ணின் அத்தை என் காதில் விழுகிற மாதிரியே கேட்டார்: "ஏன்க்கா, அத்தனை வருஷம் பனியில இருந்துட்டு வந்தும் இப்படிக் கறுப்பாவே இருக்காரே?" அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நல்லதுக்குத்தான்.

கேள்விக்கு வருகிறேன். பழைய உறவு வேறு, இன்றைய அடையாளம் வேறு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜார்ஜிய அரசி கேத்தெவான் 1624-ல் ஷிராஸில் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியைப் பாதிரியார்கள் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். புனித அகஸ்டின் தேவாலய இடிபாடுகளில் கிடைத்த ஓர் எலும்பை ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வகம் சோதித்தது. தாய்வழி மரபணுவில் யு1பி என்ற பிரிவு வந்தது. அவர்கள் கையிலிருந்த ஆயிரக்கணக்கான இந்திய மாதிரிகளில் அது இல்லை, ஜார்ஜிய மாதிரிகளில் இருந்தது. 2021-ல் அந்த எலும்பை இந்திய அரசு ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது.

உண்மையிலேயே கிட்டத்து இந்திய உறவு வேண்டுமென்றால் காகசஸில் லோம் மக்கள் இருக்கிறார்கள். ஆர்மீனியாவிலும் ஜார்ஜியாவிலும் வாழும் சின்னச் சமூகம், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் போலவே இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் பேச்சில் இன்னும் இந்தியச் சொற்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் அவர்களை இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள். சாயல் ரீல்ஸ் போடுகிற யாரும் அவர்களைத் தேடிப் போவதில்லை. மதராஸில் 1794-ல் உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையே வந்ததே என்று யாராவது கேட்கலாம். அது வணிகர்களின் கதை, வம்சத்தின் கதை இல்லை.

கடைசியாக உங்கள் சோதனை முடிவு. சிசிஎம்பியும் ஹார்வர்டும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தியரின் மேற்கத்திய வம்சப் பங்கை அளக்க ஜார்ஜியர்களைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். உயிரோடு இருக்கும் கூட்டங்களில் கணக்குக்கு ஒத்துவந்தது அவர்கள்தான் என்பதால். இந்தியாவில் அந்தப் பெரிய கலப்பு 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று அதில் கணக்கிட்டார்கள். நீங்கள் பார்த்த பட்டையும் இதே மாதிரி அளவுகோலின் பெயர்தான். உங்கள் தாத்தாவின் தாத்தா திபிலீசியிலிருந்து வந்தார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதே கருவியில் ஒரு திருநெல்வேலிக்காரரின் தரவை ஏற்றினாலும் காகசஸ் பட்டை வரும், கொஞ்சம் குட்டையாக.