புளி போட்டுத் தேய்த்த ரூபாயும் நான்கு லட்சம் கேட்கும் கொழுந்தனாரும்

கேள்வி: மாமனார், மாமியார் காலத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு தகர டப்பா கிடைத்தது. அதில் 60 வெள்ளி ரூபாய்களும், காசுமாலையிலிருந்து பிரித்த இரண்டு தங்கக் காசுகளும் இருந்தன. 1862ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாய் ஒன்றுக்கு 20,000 ரூபாய் என்று கைப்பேசியில் பார்த்த என் கொழுந்தனார், அறுபதுக்கும் அதே விலையைப் போட்டு 12 லட்சம் என்றார். என் கணவர், நாத்தனார், கொழுந்தனார் என வாரிசுகள் மூவர் என்பதால் மூன்றில் ஒரு பங்கு, 4 லட்சத்தைப் பணமாகக் கேட்டார். சண்டை வேண்டாம் என்று என் நகைகளை அடகு வைத்து 3 லட்சம் கொடுத்துவிட்டோம். மீதி 1 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? விற்பதற்காக என் கணவர் நாணயங்களைப் புளியும் பற்பசையும் போட்டுத் தேய்த்து வைத்தார். சென்னை வியாபாரியோ வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன் என்கிறார். தங்கக் காசுகளில் பற்றவைத்திருக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தரச்சான்று வாங்கினால் விலை ஏறுமா? – வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தத் தனிநபர் கடன் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

சென்னை வியாபாரி உங்களை ஏமாற்றுகிறார் என்ற தொனி கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பழைய நாணயத்தின் விலையில் இரண்டு அடுக்கு உண்டு. கீழ் அடுக்கு உலோகத்தின் விலை. மேல் அடுக்கு, சேகரிப்பாளர் அதன் அருமைக்கும் நிலைக்கும் தருவது. சேதம் கீழ் அடுக்கைத் தொடாது; மேல் அடுக்கைத்தான் தின்னும். உங்கள் கணவர் இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தது அந்த மேல் அடுக்கை.

வெள்ளியின் மேல் இருந்த கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பல பத்தாண்டுகளில் படிந்த மெல்லிய படலம் அது. புளி போட்டுத் தேய்த்தால் அது போய்விடும். பற்பசையில் இருக்கும் நுண்ணிய துகள்கள் நாணயத்தின் முகத்தில் மயிரிழைக் கீறல்களை இழுக்கும். அச்சு விழுந்தபோது உலோகத்தில் பதிந்த நுண்கோடுகள்தான் ஒளியைச் சுழற்றிக் காட்டும் அசல் மினுமினுப்பைத் தருகின்றன. அவை போனால் திரும்பாது. உங்களுக்குப் பளபளப்பாகத் தெரிவது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்குத் தேய்த்த பாத்திரம். பூஜைப் பாத்திரத்துக்கு நல்ல வழக்கம், நாணயத்துக்குக் கேடு.

தரச்சான்று பற்றிக் கேட்டீர்கள். நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணிட்டுச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. தேய்த்தது, துளையிட்டது, நகையிலிருந்து பிரித்தது என்று தெரிந்தால் அவர்கள் எண் போடுவதில்லை. பழுதைப் பெயர் சொல்லி எழுதிவிடுவார்கள். காசு கொடுத்து அந்தச் சீட்டை வாங்குவானேன்? வளையத்தை எடுத்தாலும் பற்றவைத்த தழும்பு விளிம்பில் நிற்கும். அதை அரம் போட்டுச் சீவினால் தங்கமும் சேர்ந்து குறையும். அந்த இரண்டு காசுகளும் சவரன்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று 7.988 கிராம், 22 காரட். நம் ஊர்ப் பவுன் கணக்கே அதிலிருந்து வந்ததுதான். அவற்றின் விலையில் பெரும்பகுதி தங்கமே என்பதால் வளையத்தால் உங்களுக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. இருக்கிறபடி விடுங்கள்.

இனி அந்த 20,000 ரூபாய் விக்டோரியா. விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு; இது உங்களுக்கும் தெரியும். கொழுந்தனாருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 1862 என்று பொறித்த ரூபாயை ஏறத்தாழ 1874 வரை அதே ஆண்டு எண்ணோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே பழையது என்பது உண்மை, அரியது என்று சொல்வதற்கில்லை.

நீங்கள் அனுப்பிய நாணயப் பட்டியலில் என் கண் நின்றது ஒரே ஒரு நாணயத்தில்: 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் அங்கியில் இருந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்துவிட, பார்த்தவர்கள் அதைப் பன்றி என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் அளவுக்கே வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கிவிட்டு 1912இல் யானையைத் திருத்தினார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றே சொல்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு போகும். அதையும் தேய்த்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 1940க்கு முந்தைய ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. உங்களிடம் அப்படி 52. மீதி எட்டும் 1940க்குப் பிந்தியவை, பாதிதான் வெள்ளி. எல்லாம் சேர்ந்து 600 கிராம் சொச்சம் சுத்த வெள்ளி, தேய்மானம் வேறு. கிராம் 150 ரூபாய் என்று வைத்தால் 90,000. பவுன் 90,000 என்று வைத்தால் இரண்டு காசுகளும் 1,80,000. ஆக, டப்பா முழுவதும் 2,70,000. விலை நாள்தோறும் மாறும், அன்றைய விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி விலை இரண்டு மடங்கானாலும் மொத்தம் 3,60,000தான், அவர் கேட்கும் ஒரு பங்கைக்கூட எட்டாது.

இந்தக் கணக்குப்படி கொழுந்தனாரின் நியாயமான பங்கு 90,000. கொடுத்தது 3 லட்சம். டப்பாவின் மொத்த மதிப்பையும் தாண்டிக் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் கடன் வாங்கி. நகைக்கடனுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 3,000 ரூபாய் வட்டி. இன்னொரு லட்சத்தை 14 சதவீதத்தில் மூன்றாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 3,400 கூடும். நாத்தனார் இன்னும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். தம்பிக்கு 3 லட்சம் கொடுத்தது தெரிந்தால் அவர் மட்டும் 90,000 வாங்கிக்கொண்டு போவாரா?

புளி செய்த சேதம் ஒரு தடவை. விற்று முடியாத பொருளின் பங்கை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் மாதாமாதம் சேதம் செய்யும். வீட்டு மனையில் இதே தவறைச் செய்தவர்களின் கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன.

மூவரும் ஒரு நாள் உட்காருங்கள். டப்பாவைத் திறந்து வையுங்கள். கொழுந்தனாரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "பன்னிரண்டு லட்சம் பெறும் என்கிறீர்கள். முழு டப்பாவையும் நீங்களே எடுத்துக்கொண்டு, எங்களுக்கும் அக்காவுக்கும் தலா நான்கு லட்சம் கொடுத்துவிடுங்கள்." அவர் ஒப்புக்கொண்டால் உங்களுக்கு லாபம், உடனே கைகுலுக்குங்கள். தயங்கினால் விலை என்னவென்று அவரே சொன்னதாக ஆகிவிடும். அப்போது வெள்ளியை எடை பார்த்து மூன்றாகப் பிரியுங்கள். தங்கக் காசுகளை நகைக்கடையில் எடை போட்டு விற்றுப் பணத்தைப் பிரியுங்கள். 1911 ரூபாயை உங்களுக்குள்ளேயே ஏலம் விடுங்கள். அவருக்குக் கூடுதலாகப் போன 2,10,000 கைமாற்று என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முகம் சுளிப்பார். மாதம் 3,000 வட்டி கட்டுவது உங்கள் கழுத்து நகைக்கு, அவருடையதற்கு அல்ல.

உங்கள் பங்காக வரும் தொகையை அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். விற்று வந்த பணத்தை வெள்ளியில் முதலீடு செய்யும் ஃபண்டில் போடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 12 சதவீதக் கடன் தலைமேல் இருக்கும்போது எந்த ஃபண்டும் வேண்டாம். வண்ணம் பூசிப் பெட்டியில் வரும் நினைவு நாணயங்களும் வேண்டாம்.

இணையத்தில் வாங்க முன்வந்தவர் வரி, கமிஷன் என்று 6,000 ரூபாய் முன்பணம் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். பழைய நாணய விற்பனையில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டில் அதிகம் கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். 100 ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம்.

டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு செப்புக் காசுகளை இன்னும் தேய்க்கவில்லை என்றீர்களே, அவற்றை விளிம்பைப் பிடித்து எடுத்து, தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். வாடை அடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை கூடாது, நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏறும். ஆண்டை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதுவரை உங்கள் கணவர் கண்ணில் பட வேண்டாம்.