காவடியை விடுங்க, காவடிக்குத் தண்ணி கொடுக்கிறவரைப் பாருங்க

தைப்பூசம் நெருங்குது. மலேசியாவுல கேஎல்-லயும் (கோலாலம்பூர்) பினாங்குலயும் கல்யாணம், சடங்கு, திருவிழான்னு 20 வருஷமா கேமராவும் கையுமா அலையிறவன் நான். முன்பின் தெரியாதவங்களை இயல்பா இருக்கும்போது படம் எடுக்கிறதைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

செந்தூல் தம்பி: அண்ணே, கேமராவைத் தூக்கினாலே ஆளுங்க விறைச்சுப் போயிடுறாங்க. தூரத்துல நின்னு 200 எம்எம் லென்ஸ்ல எடுத்திடலாமா?

எடுக்கலாம். ஆனா ஒட்டுக்கேட்ட பேச்சு மாதிரிதான் இருக்கும். முகம் கிடைக்கும், அவர் யாரைப் பார்த்துச் சிரிச்சார்னு கிடைக்காது. 35 எம்எம் அகல லென்ஸ் போட்டுக்கிட்டுக் கிட்டப் போங்க. கேஎல்-ல முருகனோட வெள்ளி ரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோவில்ல ராத்திரி கிளம்பி, சுமார் 15 கிலோமீட்டர் ஊர்ந்து பத்துமலைக் குகைக் கோவிலுக்குப் போகுது. எல்லாரும் ரதத்தோட ஓடுவாங்க. நீங்க ஓடாதீங்க. ஜாலான் ஈப்போவுல ஒரு தண்ணீர்ப் பந்தல் ஓரமா அரை மணி நேரம் நில்லுங்க. முதல்ல எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க. அப்புறம் யாராவது ஒரு அக்கா மோர் நீட்டுவாங்க. வாங்கிக் குடிங்க. அதுக்கு மேல நீங்களும் ஒரு பந்தக்கால்தான், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அப்பா தோள்ல தூங்குற பிள்ளை, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கால் தேய்ச்சுவிடுற பாட்டின்னு ஒவ்வொண்ணா தானா வரும்.

பகல்னா இன்னொரு வழி இருக்கு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவுல 35 எம்எம் லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, ஃபோக்கஸை 3 மீட்டர்ல நிறுத்திடுங்க. 2 மீட்டர்லேருந்து 7 மீட்டர் வரைக்கும் தெளிவா இருக்கும். கேமரா ஃபோக்கஸ் தேடிக்கிட்டு நிக்காது.

கிள்ளான் தங்கச்சி: முன்னாடியே அனுமதி கேட்கணுமா, எடுத்த பிறகா?

முன்னாடி கேட்டா தலைமுடியைக் கோதிக்கிட்டு நிப்பாங்க, அந்த நொடி போச்சு. எடுத்துட்டுக் கேமராவை இறக்குங்க, கண்ணைப் பார்த்துச் சிரிங்க, திரையைக் காட்டுங்க. பத்துல எட்டுப் பேர் "எனக்கு அனுப்பிவிடுங்க"ன்னு வாட்ஸ்அப் நம்பர் தருவாங்க. வேண்டாம்னு சொன்னா அவங்க கண் முன்னாடியே அழிச்சிடணும். ஒருமுறை பத்துமலையில, மொட்டை போட்டு அழுதுக்கிட்டிருந்த குழந்தையை எடுத்தேன். அம்மா அழிக்கச் சொன்னாங்க. படம் அவ்வளவு நல்லா வந்திருந்ததால "சரிங்க"ன்னு தலையாட்டிட்டு அழிக்காம வந்துட்டேன். வீட்டுல பெரிய திரையில பார்க்கும்போது குழந்தையை விட அந்த அம்மா முகம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கே அழிச்சேன், ஆனா அது அவங்களுக்குத் தெரியாதே.

கேட்கவே தேவையில்லாம கேமராவை இறக்க வேண்டிய இடம், காவடி எடுக்கிறதுக்கு முன்னாடி பக்தர்கள் குளிக்கிற ஆத்தங்கரை. ஈரத்துணியோட இருக்கிறவங்களை எடுக்காதீங்க. பொது இடம்தானேன்னு வாதாடாதீங்க. ஒருத்தர் மானத்தை இழிவுபடுத்துற நோக்கத்தோட அந்தரங்கத்துல நுழைஞ்சா, தண்டனைச் சட்டம் 509-ஆவது பிரிவுல 5 வருஷம் வரை சிறை, அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. அருள் வந்து தன்னிலை மறந்து ஆடுறவர் முகத்தையும் நான் கிட்டப் போய் எடுக்கிறதில்ல. சட்டத்துக்காக இல்ல, மனசு வரல.

ஷா ஆலாம், நிறுவன விருந்துகளை எடுப்பவர்: மேசையில சிரிச்சுக்கிட்டிருந்த விருந்தாளி படத்தை விளம்பரத்துக்குக் கேட்கிறாங்க. கொடுக்கலாமா?

அவர் எழுதிக் கொடுத்தா கொடுங்க. வியாபாரத்துக்குன்னு வந்துட்டா 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

பட்டர்வொர்த் அக்கா: பினாங்குல தேங்காய் உடைக்கும்போது எடுத்ததெல்லாம் மங்கலாவே வருது.

ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைங்க, சிதறுற தண்ணி உறைஞ்சு நிக்கும். ஆனா அக்கா, உடையிற தேங்காயை ஆயிரம் பேர் எடுக்கிறாங்க. வெள்ளி ரதம் லெபோ பினாங் தெருவை விட்டுத் தண்ணீர்மலைக் கோவில் பக்கம் வரும்போது, தேங்காய்க் குவியல் முன்னாடி ஊதுபத்தியோட கண்மூடி நிக்கிற சீனப் பாட்டியைப் பாருங்க. உடைச்சு முடிஞ்சதும் மண்வாரியோட வந்து தேங்காய் ஓடுகளை அள்ளுறவங்களைப் பாருங்க. எனக்குப் பிடிச்ச பினாங்குப் படங்கள்ல தேங்காயே முழுசா இருக்காது. சப்பாத்து போட்டுட்டுப் போங்க, ஓடு பறக்கும். லென்ஸ்ல இளநீர் பட்டா ஈரத்துணியால உடனே துடைங்க, காய்ஞ்சா பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

ஈப்போ மாணவர்: பத்துமலை 272 படியில எங்கே நிக்கிறது?

படியில நிக்கவே நிக்காதீங்க, காவடிக்கு வழி விடணும். மேலே குகைக்குள்ள போங்க. நேர்த்திக்கடன் முடிஞ்சு உடம்புல குத்தின அலகை எடுக்கிற நேரத்துல, காவடி தூக்கினவர் முகத்தை விடச் சுத்தி நிக்கிற அண்ணன் தம்பிங்க முகத்துல பாரம் இறங்கும். ராத்திரியெல்லாம் தாங்கிப் பிடிச்சவங்க அவங்கதான். குடும்பத்துல ஒருத்தர்கிட்ட மட்டும் தலையாட்டி அனுமதி வாங்கிட்டு எடுங்க. ஃபிளாஷ் வேண்டாம். ஐஎஸ்ஓ-வை (கேமராவோட ஒளி உணர்திறன்) 6400 வரைக்கும் தைரியமா ஏத்துங்க.

செராஸ் அண்ணன்: தம்பி, ராத்திரி எடுத்த படத்துல பட்டை பட்டையா கோடு விழுது. கேமரா கெட்டுப்போச்சா?

இல்லண்ணே, சத்தமில்லாம எடுக்கிற சைலண்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர்தான் காரணம். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்தி 1/100-ல வைங்க. கிளிக்னு சத்தம் கேட்குமேன்னு கவலைப்படாதீங்க, உறுமிமேளத்துக்கு நடுவுல யாருக்குக் கேட்கப் போகுது?

பூச்சோங் தங்கச்சி: கார் ஏர்கான்லேருந்து இறங்கினதும் லென்ஸ் பனி பிடிச்சுடுது.

இறங்குறதுக்கு முன்னாடியே கேமராவைப் பிளாஸ்டிக் பையில கட்டிடுங்க. வெளிச் சூட்டுக்குப் பழகின பிறகு பிரிங்க, ஒரு 20 நிமிஷம். ஆனா பத்துமலையில அந்தப் பையைக் கையில தொங்கவிட்டுட்டு நடக்காதீங்க. அங்கே இருக்கிற குரங்குங்களுக்குப் பிளாஸ்டிக் பைன்னா அதுக்குள்ள வாழைப்பழம்தான்.