அருவியில் குதித்ததில் முதுகெலும்பு முறிந்தது. கையெழுத்துப் போட்டதால் வழக்குப் போட முடியாதா?

கேள்வி:

நான் சேலத்தில் வசிக்கிறேன். கடந்த ஜனவரியில் நானும் கணவரும், என் தம்பியும் அவன் மனைவியும் பிலிப்பைன்ஸில் உள்ள செபு தீவுக்குப் போனோம். கோவையில் ஒரு டிராவல்ஸில் நான்கு பேருக்கும் சேர்த்து 4,60,000 ரூபாய்க்கு பேக்கேஜ் எடுத்தோம். பணம் என் கணக்கிலிருந்து போனது. அதில் ஒருநாள் காலையில் கவாசன் அருவியில் கேன்யனிங் (பாறைகளில் குதித்தும் வழுக்கியும் ஆற்றோடு கீழே இறங்குவது), மதியம் மோவல்போவல் கடலில் ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்த்தபடி நீந்துவது). என் கணவருக்கு நீச்சல் தெரியாது. பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் மேடம் இறக்குவாங்க, நீச்சல் தெரியாதவங்க எல்லாம் போறாங்க, பயமே வேண்டாம்" என்று பதில் வந்தது. அங்கே போனதும் ஒரு ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் படிக்கவில்லை. இரண்டு மாடி உயரமுள்ள ஒரு பாறையில் நிறுத்தி, கைடு "ஒன், டூ, த்ரீ" சொல்ல, கணவர் குதித்தார். உட்கார்ந்த வாக்கில் தண்ணீரில் விழுந்ததில் எல்-1 எனப்படும், இடுப்புப் பகுதியின் மேல்முனையில் இருக்கும் முதுகெலும்பு நசுங்கிவிட்டது. செபு நகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஸ்நார்கெலிங் போகவே இல்லை. "நாங்கள் வெறும் இடைத்தரகர், நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்" என்கிறது டிராவல்ஸ். அவர்களே எடுத்துக் கொடுத்த டிராவல் இன்சூரன்ஸ், 'சாகச விளையாட்டு' என்று சொல்லி பணம் தர மறுத்துவிட்டது. அடுத்த டூரில் 25,000 ரூபாய் கழித்துக்கொள்கிறோம் என்று டிராவல்ஸ் சமாதானம் பேசுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கணவருக்கு நான்கு வருடம் முன்பு டிஸ்க் பிரச்சினை இருந்தது. படிவத்தில் 'உடல் உபாதை எதுவும் இல்லை' என்று டிக் செய்துவிட்டார். நாங்கள் செபுவுக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்:

சகோதரி, செபுவுக்குப் போக வேண்டாம். சேலத்திலேயே வழக்குப் போடலாம். அந்தப் படிவத்தை நினைத்து நீங்கள் இவ்வளவு பயப்படவும் வேண்டாம்.

முதலில் படிவத்தைப் பார்ப்போம். அது யாருக்கும் யாருக்கும் நடுவில் ஏற்பட்ட ஒப்பந்தம்? உங்கள் கணவருக்கும் கேன்யனிங் நடத்திய செபு நிறுவனத்துக்கும். கோவை டிராவல்ஸ் அதில் ஒரு தரப்பே இல்லை. அந்தப் படிவம் கொடுக்கும் பாதுகாப்பு, பெரும்பாலும் அதை அச்சடித்த நிறுவனத்துக்கு மட்டும்தான். படிவத்தின் போட்டோ கையில் இருந்தால் அதில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். டிராவல்ஸின் பெயர் இல்லை என்றால், அதைக் காட்டி அவர்கள் தப்பிக்க முடியாது. இன்னொரு விஷயம், நீங்கள் கோவையில் பணம் கட்டும்போது இப்படி ஒரு படிவம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டில், ஆற்றங்கரையில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நீட்டிய காகிதம் அது. 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் அன்றைய பணம் போயிருக்கும். இதை நுகர்வோர் ஆணையத்தில் அப்படியே விவரித்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் செபு நிறுவனத்துக்கே கூட இந்தப் படிவம் முழுக் கவசம் இல்லை. பிலிப்பைன்ஸ் சிவில் சட்டத்தின் 1172-வது பிரிவு, எந்தக் கடமையை நிறைவேற்றுவதிலும் காட்டிய அலட்சியத்துக்குப் பொறுப்புக் கேட்கலாம், அதன் அளவைச் சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் தீர்மானிக்கலாம் என்கிறது. 1171-வது பிரிவின்படி, வருங்கால மோசடிக்கு முன்கூட்டியே விலக்கு எழுதி வாங்கினால் அது செல்லாது. படகுப் பயணம் என்றால் சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்பவர், அறிவிப்புப் பலகை வைத்தோ, டிக்கெட்டில் அச்சடித்தோ, எழுதி வாங்கியோ தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று 1757-வது பிரிவு நேராகவே சொல்கிறது. சுற்றுலாப் பேக்கேஜில் படகையும் சேர்த்துக் கொடுத்த ஒரு ரிசார்ட்டின் படகு கவிழ்ந்து ஒரு தம்பதி இறந்த வழக்கில், அந்த ரிசார்ட்டும் பயணி ஏற்றிச் செல்பவர்தான் என்று 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் விபத்து ஆற்றில் நடந்தது, அதனால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் இப்போது பதினான்கு நாள் வரை விசா இல்லாமலே போகலாம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே கிளம்புகிறார்கள். மத்தி மீன் கூட்டமும் ஆமையும் பார்க்கப் படகேறும்போதும் இதே மாதிரிப் படிவம்தான் நீட்டுவார்கள், அதனால் சொல்கிறேன்.

சரி, யார் மீது வழக்கு? கோவை டிராவல்ஸ் மீது மட்டும் போடுங்கள் என்பேன். செபு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்க்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அவர்களுக்கு நோட்டீஸ் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே மாதக்கணக்கில் போய்விடும். தீர்ப்பு வந்த பிறகும் அதைப் பிலிப்பைன்ஸில் நிறைவேற்ற அங்கே தனியாக நீதிமன்றம் போக வேண்டும். கோவையில் கடை வைத்திருப்பவர் விஷயம் வேறு. ஆணையத்தின் உத்தரவை அவர் மதிக்காவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவில் ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பணம் வந்து சேர வேண்டும் என்றால், கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவரைப் பிடிக்க வேண்டும்.

"நாங்கள் இடைத்தரகர்தான்" என்ற வாதத்தை உடைக்க உங்கள் பில்லே போதும். அதை எடுத்துப் பாருங்கள். டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு தொகை தனியாக வாங்கியிருக்கிறார்களா? வருமான வரிச் சட்டப்படி, வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜை விற்பவர்தான் அந்த வரியை வசூலிக்க வேண்டும். வரித்துறையிடம் 'நான் விற்பவர்' என்று கணக்குக் காட்டிவிட்டு, எலும்பு முறிந்த மனிதரிடம் 'நான் விற்கவில்லை, கைகாட்டிவிட்டேன்' என்று சொல்ல முடியாது. அதோடு, கேன்யனிங் நடத்தப்போவது எந்த நிறுவனம் என்ற பெயர் உங்கள் வவுச்சரில் இருக்கிறதா? இல்லை என்றால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-வது பிரிவும் உங்களுக்குத் துணை. தன் முதலாளி யார் என்று வெளியே சொல்லாத முகவர், அந்த ஒப்பந்தத்துக்குத் தானே பொறுப்பு என்ற அனுமானம் அதில் இருக்கிறது.

உங்கள் வழக்கின் உயிர் அந்த வாட்ஸ்அப் பதில்தான். நீச்சல் தெரியாது என்று நீங்கள் சொன்ன பிறகு, 'பயமே வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். கவாசன் கேன்யனிங் என்பது அருவிக்கரையில் குளித்துவிட்டு வருவது இல்லை. மேலே ஆற்றில் இறங்கி, பாறை வழுக்கல்களிலும் குதிப்புகளிலும் சில மணி நேரம் கீழே வர வேண்டும். பெரிய குதிப்புகள் கட்டாயம் இல்லை, சுற்றி இறங்கலாம் என்று அங்குள்ள ஏற்பாட்டாளர்களே விளம்பரம் செய்கிறார்கள். அப்படியானால் உங்களிடம் இரண்டு விஷயம் சொல்லியிருக்க வேண்டும்: இதில் உயரத்திலிருந்து குதிக்க வேண்டி வரும், பிடிக்கவில்லை என்றால் குதிக்காமல் போகலாம். இரண்டையுமே சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட் மூழ்காமல் காப்பாற்றும், முதுகெலும்பைக் காப்பாற்றாது. 2019 சட்டத்தின் 2(11) பிரிவில் 'சேவைக் குறைபாடு' என்பதற்குள், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும், நுகர்வோருக்குக் காயம் ஏற்படுத்தும் அலட்சியமும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்கள் புகார் மனுவில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். உங்கள் கணவர் தானாகத்தான் குதித்தார், டிஸ்க் பிரச்சினையையும் மறைத்தார் என்று எதிர்தரப்பு நிச்சயம் சொல்லும். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் நஷ்ட ஈட்டுத் தொகை குறையலாம், ஆனால் வழக்கே விழுந்துவிடாது. இதை மறைக்க முயல வேண்டாம். பழைய ஸ்கேனை அவர்கள் எப்படியும் கேட்டு வாங்குவார்கள். மனுவிலேயே நாமே சொல்லிவிட வேண்டும். இப்போது பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: பழைய பிரச்சினை எந்த இடத்தில் இருந்தது, இப்போது முறிந்தது எந்த எலும்பு, இது உயரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்ததால் வந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று. பெரும்பாலும் டிஸ்க் தொந்தரவு இடுப்புப் பகுதியின் கீழே எல்-4, எல்-5 பக்கம் வரும். எல்-1 அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் கணவருக்கும் அப்படித்தான் என்றால் அந்த ஒரு பக்கக் கடிதம் பெரிய வாதத்தை அடைத்துவிடும். கால்கள் நேராக, உடம்பு செங்குத்தாக விழ வேண்டும் என்று கைடு குதிக்கும் முன் செய்து காட்டினாரா என்பதையும் தம்பியிடமும் அவர் மனைவியிடமும் இப்போதே பிரமாணப் பத்திரமாக எழுதி வாங்கிவிடுங்கள். இரண்டு பேரும் நேரில் பார்த்த சாட்சிகள்.

எங்கே, எப்படித் தாக்கல் செய்வது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு அனுமதிக்கிறது, எனவே சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 'கோவை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்' என்று அவர்கள் விதிமுறைகளில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போய்விடாது என்றே வாதாடுவேன். எந்த ஆணையம் என்பது நீங்கள் கொடுத்த பணத்தைப் பொறுத்தது, கேட்கும் நஷ்ட ஈட்டைப் பொறுத்தது இல்லை. 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம்தான். கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. பணம் கட்டியவர் நீங்கள், அடிபட்டவர் அவர். சேவையைப் பயன்படுத்தியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு பேரும் புகார்தாரர்களாகச் சேருங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். 'அந்தப் படிவம் நியாயமற்ற ஒப்பந்தம், அதைச் செல்லாது என்று அறிவியுங்கள்' என்று மாவட்ட ஆணையத்தில் கேட்டுவிடாதீர்கள். அப்படி அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. 'இந்தப் படிவம் எங்களுக்கும் எதிர்தரப்புக்கும் இடையில் ஏற்பட்டது இல்லை' என்று மட்டும் சொன்னால் போதும்.

இன்சூரன்ஸ் விஷயத்தை இதோடு கலக்க வேண்டாம், அது தனிப் பாதை. பாலிசியின் முழு விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். சில பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருந்தாலும், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் பொழுதுபோக்காகச் செய்தால் பணம் உண்டு என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அந்தப் புத்தகத்தை உங்களிடம் கொடுக்கவே இல்லை என்றால், 2019-ல் பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டுங்கள்: பாலிசிதாரருக்குத் தெரிவிக்காத விலக்கு விதியை வைத்துக் கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது மறுபடியும் மறுத்தார்கள் என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அதே கோரிக்கை வேறு நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் அவர் எடுக்கமாட்டார். அதனால்தான் நுகர்வோர் புகாரில் இன்சூரன்ஸ் கம்பெனியைச் சேர்க்காதீர்கள் என்கிறேன். ஆனால் டிராவல்ஸ் மீதான புகாரில் இதை ஒரு குறைபாடாகக் கட்டாயம் எழுதுங்கள். கேன்யனிங் உள்ள பேக்கேஜை விற்றவர்களே, கேன்யனிங்கை விலக்கிய பாலிசியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் கோபம் வருகிற இடம். வாங்குகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை, விற்கிறவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும்.

ஸ்நார்கெலிங் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அதைச் சின்னக் கோரிக்கையாகவே வையுங்கள். விபத்துக்கு அவர்கள் பொறுப்பு என்று நிரூபணமானால் அதுவும் தானாக வரும். ஆஸ்பத்திரிச் செலவு, விமானத்தில் கூடுதலாகச் செலவானது, பிசியோதெரபி, கணவர் வேலைக்குப் போக முடியாத மாதங்களின் சம்பளம், இனி அவர் கனம் தூக்கக் கூடாது என்றால் அதனால் வரும் வருமான இழப்பு, மன உளைச்சல் என்று தனித்தனி வரியாக, பில்லோடு எழுதுங்கள்.

25,000 ரூபாய்க் கழிவை ஏற்க வேண்டாம். ஏற்றால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்குவார்கள். பதில் சொல்லாமல் விட்டுவிட்டு, பதினைந்து நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும். சமாதானப் பேச்சு நடக்கிறது என்பதால் அந்தக் கெடு நீளாது.

கடைசியாக, அங்கே கைடுகள் வழி முழுக்க உங்கள் போனிலோ தங்கள் கேமராவிலோ வீடியோ எடுத்துக் கொடுப்பது வழக்கம். உங்கள் கணவர் குதித்ததும் அதில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். எந்தப் போனில் இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட பிரதி போதாது, அதில் தரமும் நேர விவரமும் போய்விடும். முதலில் பதிவான கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். டிராவல்ஸோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் இல்லாமல் முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். இரண்டுக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தயார் செய்ய வேண்டும், அதை உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். புகார் முடியும் வரை அந்தப் போன்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம் என்று தம்பியிடமும் சொல்லி வையுங்கள்.