பரணில் கிடந்த சி6: எதை மீட்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: லுங்கித் தறி நடத்திய அப்பா 2010-இல் வாங்கிய நோக்கியா சி6-00 பரணில் கிடைத்தது. பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போதே, கீபோர்டை வெளியே தள்ளினால் திரை வெள்ளையாகிவிடும். சில எழுத்துகளும் விழாது. அதிலுள்ள படங்களும் எண்களும் வேண்டும். சரிசெய்து அம்மாவுக்குக் கொடுக்கலாமா? – வாசகர், குடியாத்தம்

பதில்: படங்களும் எண்களும் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

உப்பிய பேட்டரியை உடனே கழற்றிவிடுங்கள். ‘ஒருமுறை சார்ஜ் போட்டுப் பார்ப்போமே’ என்ற ஆசை வேண்டாம். நம் வேலூர் மாவட்டத்துக் கோடையில் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரியின் உட்பொருள் சிதைந்து வாயு சேர்கிறது, உப்பல் அதனால்தான். குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். புதிதாக வாங்க வேண்டியது பிஎல்-4ஜே என்ற வகைப் பேட்டரி. சி6 பேட்டரி என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். நோக்கியாவின் லூமியா 620 போனுக்கும் அதுவே என்பதால் அப்படிக் கேட்டுப் பாருங்கள். கடையிலேயே அதை மேசைமேல் வைத்துச் சுண்டுங்கள். பம்பரம்போல் சுற்றினால் அதுவும் உப்பியதுதான்.

பேட்டரி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மெமரி கார்டை எடுத்துக் கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். பாதிப் படங்கள் அதிலேயே இருந்தாலும் வியப்பில்லை.

திரை வெள்ளையாவதற்குக் காரணம், மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைக்கும் ரிப்பன் கேபிள். ஒவ்வொரு தள்ளலிலும் மடிந்து மடிந்து அதன் மெல்லிய தடங்கள் விட்டுப்போகின்றன. எழுத்து விழாதது வேறு கதை. தறிக்கூடத்துப் பஞ்சு கீபோர்டின் இடுக்கில் நுழைந்து, விசைக்கு அடியிலுள்ள தொடுமுனையை மறைத்திருக்கும் என்பது என் ஊகம். இரண்டையும் சரிசெய்யக் காசு செலவழிக்காதீர்கள். கீபோர்டை உள்ளேயே வைத்திருங்கள். எல்லா வேலையையும் தொடுதிரையிலேயே செய்யலாம். இப்போதைக்கு ரிப்பன் தாங்கினால் போதும்.

போன் உயிர் பெற்றதும் முதலில் எண்களைப் புளூடூத் வழியாகப் புதிய போனுக்கு அனுப்பிவிடுங்கள். சிம்முக்கு நகலெடுத்தால் நீளமான பெயர்கள் வெட்டுப்படும். அடுத்து போன் நினைவகத்தில் மிஞ்சிய படங்கள். அப்பாவின் குறுஞ்செய்திகளும் வேண்டுமானால், திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து புதிய போனால் படமெடுங்கள். முரட்டு வழிதான், ஆனால் தவறாது.

அம்மா விஷயத்துக்கு வருவோம். சி6-க்கு 2ஜி, 3ஜி மட்டுமே தெரியும். ஜியோவில் அவை இரண்டும் கிடையாது. எனவே அந்த சிம் இதில் வேலை செய்யாது. ஏர்டெல் 2ஜியில் பேசலாம், அவ்வளவே. சி6 இயங்குவது சிம்பியன் என்ற பழைய இயங்குதளத்தில். அந்தப் போன்களுக்கு வாட்ஸ்அப் 2017-லேயே நின்றுவிட்டது. இன்றைய இணையதளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறையும் இதன் பிரவுசருக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பட்டன்தான் வசதி என்றால் 4ஜி பட்டன் போன் ஒன்று வாங்கி, மீட்ட எண்களை அதில் ஏற்றிக் கொடுங்கள்.