கூகுள் டிரைவுக்கு மாற்றும்போது ஒரே பைல் திரும்பத் திரும்ப ஏறுகிறதே, என்ன செய்யலாம்?

பழைய லேப்டாப், இரண்டு போன், ஒரு ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றிலும் அதே போட்டோக்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஏற்றிவிடுவோம், அப்புறம் துப்புரவு செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் இருக்கும் இலங்கை மலையகத்து ஹட்டனில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்லோட் பாதியில் நின்றதும் முழு போல்டரையும் திரும்பப் போட்டேன். ஏற்கனவே இருப்பதை மாற்றவா, இரண்டையும் வைக்கவா என்று டிரைவ் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் வை என்று அழுத்திவிட்டேன். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அது நிறைந்ததும் மெயில் வருவதே நின்றுபோனது.

பதற்றத்தில் பெயரை மட்டும் பார்த்து அழிக்கத் தொடங்கினேன். ‘ஸ்கேன்’ என்று ஒன்று, ‘ஸ்கேன் (1)’ என்று ஒன்று. இரண்டாவது நகல்தானே என்று அழித்தேன். மூன்று வாரம் கழித்து மாமா தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கேட்டார். திறந்து பார்த்தால் முன்பக்கம் மட்டும் இருக்கிறது. முத்திரை இருந்த பின்பக்கம்தான் அந்த (1). மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் ஆட்கள் அந்தத் தாளுக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நல்ல வேளை, டிரைவின் குப்பைத் தொட்டியில் அழித்தது 30 நாள் கிடக்கும். எடுத்துவிட்டேன்.

அதனால் பெயரை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் ஒரே டிஸ்க்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு டூப்குரு என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். பைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிடச் சொன்னால், பெயர் வேறாக இருந்தாலும் பிடித்துவிடும்.

வாட்ஸ்அப் படங்கள்தான் தலைவலி. அக்கா கல்யாணப் படம் கேமராவில் ஒன்று, குடும்ப குரூப்பில் வந்தது ஒன்று. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எப்போது எடுத்தது என்ற விவரத்தையும் கழற்றிவிடுகிறது. பார்வைக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு பைல். டூப்குருவில் படங்களுக்கென்று தனி முறை உண்டு, அது தோற்றத்தை வைத்துத் தேடும். காட்டுவதையெல்லாம் மொத்தமாக அழிக்காமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள், பெரிய அளவுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

இன்னொன்று, போட்டோக்களை டிரைவிலும் கூகுள் போட்டோஸிலும் போட்டால் இரண்டு தடவை இடம் பிடிக்கும். 2019 ஜூலையிலிருந்து இரண்டும் தனித்தனி. நான் படங்களைப் போட்டோஸுக்கும் ஆவணங்களை டிரைவுக்கும் பிரித்துவிட்டேன்.

தாத்தாவின் சான்றிதழை மட்டும் தெரிந்தே டூப்ளிகேட்டாக வைத்திருக்கிறேன். டிரைவில் ஒன்று, அம்மாவின் தகரப் பெட்டியில் அசல் தாளோடு ஒரு பென் டிரைவில் இன்னொன்று.