லோகோ முடிந்தது, கையேடு எப்படி? வடிவமைப்பு மாணவர்களுக்குக் கேள்வி பதில்

பிராண்ட் கைட்லைன் தயாரிப்பது செமஸ்டர் வேலையாக வந்திருக்கிறது, சந்தேகங்கள் கேட்கலாமா என்று பல மாணவர்கள் எழுதியிருந்தீர்கள். ஒரு நிறுவனத்தின் லோகோ, நிறம், எழுத்துரு, பேச்சுத்தொனி ஆகியவற்றை யார் எடுத்தாலும் ஒரே மாதிரி பயன்படுத்துவதற்கு வழிசொல்லும் கையேடுதான் அது. பதினான்கு வருடமாக நான் அதிகமாகச் செய்துவரும் வேலையும் இதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, சீனியர்கள் எண்பது பக்கம் செய்திருக்கிறார்கள். எனக்கு இருபதுக்கு மேல் வரவில்லை. மார்க் குறையுமா? (மூன்றாம் ஆண்டு, கோவை)

மார்க் பற்றி உங்கள் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். வேலைக்கு இருபது பக்கம் தாராளம். பக்கத்தை எண்ணுவதற்கு முன் இதைத் திறக்கப்போவது யார் என்று யோசியுங்கள். ஃப்ளெக்ஸ் அடிப்பவர், பை அச்சடிப்பவர், நிறுவனத்தில் இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொள்ளும் பெண். அவர்கள் கேள்வி கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் நியூயார்க் சுரங்க ரயில். 1960-களில் அங்கே அறிவிப்புப் பலகைகளைச் சீர்செய்யும் வேலை யூனிமார்க் என்ற வடிவமைப்பு நிறுவனத்திடம் வந்தது. அதன் வடிவமைப்பாளர்கள் மாசிமோ விக்னெல்லியும் பாப் நூர்டாவும் செய்தார்கள். பலகையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஒரு கறுப்பு உலோகச் சட்டம் வரும் என்பது அவர்கள் திட்டம், வரைபடத்தில் அது கறுப்புப் பட்டையாக இருந்தது. பலகை செய்யும் பட்டறையினர் அதை வடிவமைப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, சட்டம் இல்லாமல் பட்டையை மட்டும் வண்ணமடித்துவிட்டார்கள். பட்டறையில் இருந்தவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்தது வரைபடம், அது சட்டம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. விரிவான கையேடு 1970-இல்தான் வந்தது. அதற்குள் அந்தப் பட்டை நிலைத்துவிட்டது. இன்றைய கறுப்புப் பலகைகளின் மேலே ஓடும் வெள்ளைக் கோடு அதன் மிச்சம்தான்.

உங்கள் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தப் பட்டறைக்காரரின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எது அச்சாக வேண்டியது, எது விளக்கத்துக்காக வரைந்த கோடு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். அளவுக் கோடுகளுக்கு லோகோவில் இல்லாத ஒரு நிறத்தைக் கொடுத்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

லோகோவைச் சுற்றி விடவேண்டிய இடம், குறைந்தபட்ச அளவு: இந்த எண்களை எல்லாரும் எங்கிருந்து எடுக்கிறார்கள்? நான் பத்து மில்லிமீட்டர் என்று சும்மா போட்டுவிட்டேன். (சென்னை)

சும்மா போட்ட எண் என்பதை உங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரியில் இருப்பவர்கள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணை அச்சிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரே ஏ4 தாளில் லோகோவை 40, 30, 25, 20, 15, 12, 10, 8 மில்லிமீட்டர் அகலத்தில் வரிசையாக வைத்து, பிரிண்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு, நூறு சதவீதத்தில் அச்சிடுங்கள். அந்தத் தாளைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுங்கள். பிறகு கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்துள்ள லோகோ என்றால் முதலில் பார்க்க வேண்டியவை சுழிகள். ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் உள்வெளியும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மையில் அடைபடும். அடுத்தது புள்ளி. ‘ன்’ மேல் இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் சொல்லே மாறிவிடும். எந்த அளவில் அடைபடுகிறதோ அதற்கு ஒரு படி மேலே உள்ள அளவுதான் உங்கள் குறைந்தபட்சம். அதற்கும் கீழே போக வேண்டிய இடங்களுக்கு, ஃபேவிகான் (பிரவுசர் தாவலில் வரும் குட்டிப் படம்) மாதிரி, எளிமையாக்கிய சின்னம் ஒன்றைத் தனியாக வரைந்து கொடுங்கள்.

சுற்று இடத்துக்கு மில்லிமீட்டர் வேண்டாம். லோகோவிலேயே உள்ள ஓர் எழுத்தின் உயரத்தை அளவுகோலாக வையுங்கள். விசிட்டிங் கார்டிலும் இருபது அடிப் பலகையிலும் அதே விதி நிற்கும்.

ஆங்கில லோகோவுக்கும் எழுத்துருவுக்கும் எல்லாம் எழுதிவிட்டேன். தமிழுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா, இல்லை அதே விதிகள் போதுமா? (திருச்சி)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. மாணவர்களின் கையேடுகளில் நான் பார்ப்பதில் மிகவும் பலவீனமான பக்கம் இதுதான். ஆங்கிலத்துக்கு ஆறு பக்கம் இருக்கும், தமிழுக்கு எழுத்துருவின் பெயர் மட்டும் ஒரு வரி. கடைசியில் ஊரெல்லாம் தொங்கப்போவது தமிழ்ப் பலகைதான்.

அதே விதிகள் போதாது. ‘தலைப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு’ என்று ஆங்கிலத்துக்கு எழுதியிருப்பீர்கள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. இடைவெளியைக் கூட்டினால் துணைக்கால் தன் எழுத்தைவிட்டு விலகி நின்று ‘ர’ மாதிரி தெரிய ஆரம்பிக்கும். ‘பால்’ என்று பெரிதாக அடித்து எழுத்திடைவெளியை ஏற்றிப் பாருங்கள், புரியும். தமிழில் தலைப்பைத் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் தடிமனையோ அளவையோ நிறத்தையோதான் நம்ப வேண்டும். எதை நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள்.

வரி இடைவெளியும் வேறு. மேலே ‘கி’, ‘கீ’யின் கொக்கிகள், கீழே ‘கு’, ‘மூ’வின் வளைவுகள். ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல 1.4 மடங்கு வைத்த இடத்தில் தமிழுக்கு நான் 1.6-க்குக் குறைவதில்லை. சொற்களும் நீளம், ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கிய பொத்தான் தமிழில் இரண்டு வரி ஆகும். அதற்கும் ஒரு மாதிரி காட்டுங்கள்.

எழுத்துருத் தேர்வில், ஒரே குடும்பத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரைந்தவை இருக்கின்றன: முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரான் (பெயரே கட்டுமரம்தான்). எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இலவசமாகக் கிடைப்பவை. வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது உரிமச் சிக்கல் வராது. தேர்ந்த எழுத்துருவில் ₹ இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குறி 2010-இல்தான் வந்தது, பழைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் கட்டம்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நடைமுறைத் தொல்லை. பல அச்சகங்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் இன்னும் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய முறை எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அனுப்பிய வரி அங்கே திறந்ததும் குப்பையாகத் தெரியும், அவர்கள் தங்களிடம் உள்ள எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்துவிடுவார்கள். அதனால் பெயர், முகவரி, முழக்க வரி போன்ற மாறாத வரிகளைக் கர்வ் செய்து (எழுத்தை எழுத்துரு தேவைப்படாத வடிவமாக மாற்றி), பிடிஎஃப் கோப்பாகக் கையேட்டோடு சேர்த்தே கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மென்பொருள்களில் நீங்கள் அடிக்கும்போதே ‘கொ’வின் கொம்பு இடம்மாறி நின்றால், அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைச் சரியாகக் கோத்து வரியாக்கும் வசதி) இயக்க வேண்டும். கொம்பு புரண்ட தமிழோடு அச்சாகிவந்த கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

கடைப் பலகை உங்கள் திட்டத்தில் இருந்தால் இதையும் சேருங்கள்: தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் வர வேண்டும், அடுத்து ஆங்கிலம், பிறகு மற்ற மொழி, 5:3:2 என்ற விகிதத்தில். இது அரசு விதி. ஆங்கில லோகோவை நடுவில் பெரிதாக வைத்துவிட்டுத் தமிழை மூலையில் ஒட்டவைத்த மாக்கப் (மாதிரிப் படம்) அந்த விதியில் நிற்காது.

நிறங்களுக்கு ஹெக்ஸ் எண் (திரை நிறத்துக்கான குறியீடு) கொடுத்திருக்கிறேன். போதுமா? (மதுரை)

திரைக்கு மட்டும் போதும். அச்சுக்கு சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகளின் அளவு), முடிந்தால் பான்டோன் எண்ணும் (தயார் நிலையில் கலந்த மையின் எண்) வேண்டும். மென்பொருள் தானாக மாற்றித் தரும் சிஎம்ஒய்கே எண்களை அப்படியே ஒட்டாதீர்கள். திரையில் மின்னும் ஆரஞ்சும் பச்சையும் நான்கு மைகளுக்குள் அடங்குவதில்லை.

எனக்கு இது அடிபட்டுத்தான் தெரிந்தது. ஒரு பலகாரக் கடைக்கு நல்ல ஆரஞ்சு ஒன்று தேர்ந்து, கையேடு முழுக்க வெள்ளைப் பின்னணியில் காட்டியிருந்தேன். கடையின் பை பழுப்பு கிராஃப்ட் தாள். ஐயாயிரம் பை அச்சாகி வந்தபோது என் ஆரஞ்சு செங்கல் நிறத்தில் இருந்தது. அச்சகம் நான் கொடுத்த எண்களைத்தான் போட்டிருந்தது. பை பழுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தும், பழுப்புத் தாளுக்கு என்ன செய்வது என்று கையேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது நிறப் பக்கத்தில் வெள்ளை, கறுப்பு, கிராஃப்ட் மூன்று பின்னணியிலும் காட்டுகிறேன். கிராஃப்டில் லோகோ ஒரே கறுப்பில் மட்டும் என்று விதியும் எழுதுகிறேன்.

எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் எவ்வளவு வேறுபட வேண்டும் என்பதற்கு இணைய அணுகல் விதிகளில் (பார்வைக் குறை உள்ளவர்களும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் விதிகள்) எண் உண்டு: சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளையில் கறுப்பு 21:1. வெள்ளையில் சுத்த மஞ்சள் 1.1-ஐக்கூடத் தாண்டாது. எந்த நிறத்தின் மேல் எந்த நிற எழுத்து போடலாம் என்று ஒரு கட்டம் வரைந்துவிட்டால் இன்ஸ்டாகிராம் பார்க்கும் பெண் உங்களை வாழ்த்துவார்.

‘இப்படிச் செய்யாதீர்கள்’ பக்கத்தில் எத்தனை படம் வைக்கலாம்? (சேலம்)

நாலைந்து போதும். லோகோவைத் தலைகீழாகப் போடாதே என்பதெல்லாம் இடத்தை நிரப்பும் வேலை. அப்படி யாரும் போடப்போவதில்லை. பலகையின் அகலத்துக்கு இழுப்பது, பளபள தங்க நிறம் ஏற்றுவது, கூட்டமான புகைப்படத்தின் மேல் வைப்பது, வாட்ஸப்பில் வந்த மங்கிய படத்தையே அச்சுக்குக் கொடுப்பது: நிஜமாக நடக்கும் தப்புகளை மட்டும் வையுங்கள். பக்கத்திலேயே சரியானதையும் காட்டுங்கள்.

‘டோன் ஆஃப் வாய்ஸ்’ பக்கத்தில் ‘நட்பானது, நம்பகமானது, நவீனமானது’ என்று எழுதினேன். சார் அந்த வரியை அடித்துவிட்டார். (யாழ்ப்பாணம்)

உங்கள் சார் செய்தது சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்த மூன்று சொல்லும் வங்கிக்கும் பொருந்தும், பேக்கரிக்கும் பொருந்தும். படிப்பவருக்கு அதை வைத்து ஒரு வரிகூட எழுத வராது.

நிஜமான சூழலை எடுத்து வாக்கியமாகவே எழுதிக் காட்டுங்கள். மாவுக் கடை என்று வைத்துக்கொள்வோம். “ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்பது இந்தக் கடையின் குரல் இல்லை. “இன்றைய மாவு தீர்ந்துவிட்டது. நாளை காலை 6 மணிக்குப் புதிது வரும்” என்பதுதான் குரல். வாடிக்கையாளரை ‘வாங்க’ என்று அழைப்பதா, ‘வாருங்கள்’ என்பதா? ‘டெலிவரி’ என்பதா, ‘வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்’ என்பதா? ‘காபி’யா ‘காப்பி’யா? கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. மெனுவில் ஒன்று, பலகையில் ஒன்று என்றிருந்தால் பார்ப்பவர் கண்ணில் உடனே படும். இந்த மாதிரிப் பத்துச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு முடிவும் உண்டு: உங்கள் ஊர் வழக்கில் எழுதுவதா, பொது வழக்கிலா என்பது. ஊர்க் கடைக்கு ஊர் வழக்கே அழகு என்பது என் எண்ணம்.

கற்பனை நிறுவனத்துக்குச் செய்யலாமா, பெரிய பிராண்டை மாற்றிச் செய்யலாமா? (பெங்களூரு)

இரண்டையும்விடப் பக்கத்துத் தெருத் தையல் கடை மேல். அங்கே பில் புத்தகம், துணிப்பை, டோக்கன், ஷட்டர் எல்லாம் நிஜமாக இருக்கும். அளந்து வரலாம். உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெரிய பிராண்டை எடுத்தால், இது படிப்புக்கான வேலை, அந்த நிறுவனத்துக்குத் தொடர்பில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இவ்வளவு உழைத்துச் செய்தும் இரண்டு வருடத்தில் லோகோவை மாற்றிவிடுகிறார்களே? (மறுபடியும் சென்னை)

மாற்றட்டும். நாசாவுக்கு ரிச்சர்ட் டேனும் புரூஸ் பிளாக்பர்னும் 1975-இல் செய்த சிவப்பு எழுத்து லோகோ தெரியும்தானே, இரண்டு ‘ஏ’க்களிலும் குறுக்குக்கோடு இல்லாமல் வருமே, அதுதான். அதற்கு அவர்கள் எழுதிய கையேடு லெட்டர்ஹெட்டில் ஆரம்பித்து வாகனங்கள், விண்கலம் வரை போனது. 1992-இல் நாசா அந்த லோகோவைக் கைவிட்டுப் பழைய நீலவட்டச் சின்னத்துக்குத் திரும்பியது. 2020-இல் விண்வெளி வீரர்களை ஏற்றிச்சென்ற ஃபால்கன் 9 ராக்கெட்டின் பக்கவாட்டில் அதே சிவப்பு எழுத்து மறுபடி வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒதுங்கியிருந்த லோகோவை யாரும் புதிதாக வரைய வேண்டியிருக்கவில்லை. எல்லாம் எழுதி வைத்திருந்தது.

உங்கள் கையேட்டில் தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். எது மாறினாலும் பழைய பிரதி எது, புதியது எது என்று தெரியும்.

சமர்ப்பிக்கும் முன் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருநெல்வேலி)

வேறு வகுப்பு நண்பர் ஒருவரிடம் கையேட்டையும் கோப்புகளையும் கொடுத்து, “தீபாவளி விடுமுறை அறிவிப்பு ஒன்று செய், அரை மணி நேரம்” என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்கக் கூடாது. போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இப்படிச் செய்தாள். நண்பன் முதல் பதினோரு நிமிடம் வெள்ளை லோகோ கோப்பைத் தேடினான். கையேட்டில் ‘அடர் பின்னணியில் வெள்ளை லோகோ’ என்று அழகாக ஒரு பக்கம் இருந்தது. கோப்புறையில் அந்தக் கோப்பே இல்லை. அன்று இரவே எல்லாக் கோப்புகளையும் புதிதாக ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எந்தக் கோப்பை எடுப்பது என்று பெயரோடு எழுதினாள்.