திருகோணமலை நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவுப் பக்கம் கிளிமீனைப் பிடித்தால் முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) என்ன நட்டம்?

நட்டம் பெரிதுதான். முருகைக்கல் வெறும் கல் இல்லை, மிகச் சிறிய உயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். பதிலுக்கு அந்தப் பாசிக்கு இருக்க இடமும் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். தண்ணீர் அளவுமீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து கல் வெளுத்துவிடும்.

வெளியே படரும் பாசி வேறு கதை. விட்டால் கல்லையே மூடிவிடும், முருகைக்கல்லின் புதுக் குஞ்சுகள் ஒட்ட இடமிருக்காது. அதைத்தான் கிளிமீன் அலகு மாதிரியான பல்லால் சுரண்டித் தின்கிறது. தலையைத் தண்ணீருக்குள் விட்டால் அந்தக் 'கறுக் கறுக்' சத்தமே கேட்கும். கூடவே விழுங்கிய கல்லை அரைத்து வெண்மணலாகக் கழிக்கும் (ஆமாம், நாம் கால்நீட்டி இருக்கும் மணலில் இதுவும் சேர்த்தி).

புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, அதற்குள் மீன்பிடிக்கத் தடை. ஆனால் கிளிமீனுக்கு எல்லை தெரியாதே. நிலாவெளிப் பக்கம் நீந்தி வந்தால் வலைதான்.